இரண்டு சதவீதம் சரி, வேலை எங்கே?

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து மார்ச் முடியும் வரை எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். சென்னையில் கிண்டியிலிருந்து, அம்பத்தூரிலிருந்து, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து. "சிஎஸ்ஆர்ல கொஞ்சம் தொகை மீதி இருக்கு மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு புரபோசல் அனுப்ப முடியுமா?" என்று கேட்பார்கள். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டிய பணம். பெரும்பாலும் வயதில் இளையவர்கள்தான் கூப்பிடுவார்கள். மேலதிகாரி கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொண்டு நிறுவனமாக முயன்றுகொண்டிருப்பார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தப் பக்கத்து நாற்காலியிலும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது நான் இருப்பது மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துவிடுகிற ஒரு சின்ன அறக்கட்டளையில். அதற்கு முன்னால் தனியார் கம்பெனிகளில் ஹெச்.ஆர்., அதாவது ஆள் எடுத்து ஊழியர் விஷயங்களைக் கவனிக்கிற பிரிவில் வேலை பார்த்தேன். அதனால் கொடுக்கிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதும் தெரியும், கொடுத்த பணம் வந்து சேர்கிற இடத்தில் என்னவாகிறது என்பதும் தெரியும். போன் செய்கிறவரிடம் எப்போதும் இரண்டு விஷயம் சொல்வேன். பணம் கொடுங்கள், நன்றாகப் பயன்படுத்துவோம், பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டுவோம். கூடவே எங்களிடம் பயிற்சி முடித்தவர்களில் இரண்டு பேரையாவது உங்கள் ஹெச்.ஆரிடம் சொல்லி நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள். முதலாவதற்கு உடனே சரி என்பார்கள். இரண்டாவதற்கு, "அது வேற டிபார்ட்மென்ட் மேடம்" என்பார்கள்.

அந்த வேற டிபார்ட்மென்ட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. ஒரு கம்பெனி வெளியே கொடுக்கிற நன்கொடையை, அது தன் கேட்டுக்குள் யாரை விடுகிறது, விட்டவர்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்று ஏழாவது அட்டவணை சொல்கிறது. கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் எல்லாம் அதில் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைத்திறன் பயிற்சியும் உண்டு. ஆரம்ப வருடங்களில் செலவழிக்கவில்லை என்றால் ஏன் என்று அறிக்கையில் எழுதினால் போதும். 2021 ஜனவரியில் விதியை இறுக்கினார்கள். நடந்துகொண்டிருக்கிற திட்டத்தின் பணம் மிச்சமானால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். மற்றபடி மிச்சமாகிற பணம் ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் சொல்லியிருக்கிற நிதிகளில் ஒன்றுக்குப் போய்விட வேண்டும். மார்ச் மாதத்துப் போன்களுக்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு விதியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி தன் சொந்த ஊழியர்களுக்காகச் செய்கிற செலவு சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. விதி நியாயமானதுதான். இல்லையென்றால் கேன்டீனில் போடுகிற சாப்பாட்டையும் சமூகத் தொண்டு என்று எழுதிவிடுவார்கள். ஊழியருக்குச் செய்வது கடமை, அதைத் தானக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? அரசுப் பள்ளியில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டினால் அது சிஎஸ்ஆர், ஆண்டறிக்கையில் படத்தோடு வரும். தன் அலுவலக வாசலில் கட்டினால் அது வெறும் கட்டடச் செலவு. பள்ளிச் சாய்தளத்துக்கு இயக்குநர் குழுவில் ஒரு கமிட்டி இருக்கிறது, ஒதுக்கிய பணம் இருக்கிறது, செலவழிக்காவிட்டால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. வாசலில் இருக்கிற படிக்கட்டைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை. ஓஎம்ஆரில் பாதிக் கட்டடங்கள் வாடகைக்கு எடுத்தவை வேறு. கேட்டால் அட்மின் கட்டட உரிமையாளரைக் காட்டுவார், உரிமையாளர் பராமரிப்புக் கம்பெனியைக் காட்டுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி தன் வளாகத்திலேயே சக்கர நாற்காலி வழங்கும் விழா வைத்தது. பந்தல், சாப்பாடு, வந்துபோக வண்டி எல்லாம் குறையில்லாமல் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்த நாற்காலிகள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். எத்தனையோ இடங்களில் ஒரே அளவில் மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், முதுகு வலி வந்து அது வீட்டு மூலையில் துணி போடுகிற இடமாகிவிடும். விழா முடிகிற நேரத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு அண்ணன் டாய்லெட் போக வேண்டும் என்றார். கட்டட வாசலில் மூன்று படி. செக்யூரிட்டி அண்ணன்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். உள்ளே போனால், டாய்லெட் கதவின் அகலம் நாற்காலி நுழையப் போதவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தூக்கிப் போய், கதவை மூட முடியாமல் ஒருவர் முதுகைக் காட்டி மறைத்து நிற்க வேண்டியிருந்தது. ஐம்பதை நெருங்குகிற மனிதர். வண்டியில் ஏறுகிற வரை அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கிருந்த அட்மின் மேனேஜர் பதறிப்போய்விட்டார். நல்ல மனிதர், மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து அளவெடுத்தார். ஆனால் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்பதற்கு ஒப்புதல் வாங்கவே பல மாதம் ஆனது. நாற்காலிகள் வாங்கியதில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாத செலவு அது. அந்த வளாகத்தில் சக்கர நாற்காலியில் வந்து வேலை பார்க்கிறவர் ஒருவர் இருந்திருந்தால், அந்தக் கதவு எப்போதோ அகலமாகியிருக்கும். நான் வேலையை முதலில் கேட்பது அதனால்தான்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் தனியாருக்குச் சட்டம் வைத்திருக்கிற பிடி ரொம்பத் தளர்வானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அரசு வேலைகளில் 4 சதவீத இட ஒதுக்கீடு. தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது. ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு தன் வசதிக்கு ஏற்ப ஊக்கச் சலுகை கொடுக்க வேண்டும் என்பதோடு 35-ஆவது பிரிவு நின்றுவிடுகிறது. அப்படி ஒரு ஊக்கச் சலுகையாக, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப், இஎஸ்ஐ பங்கை மூன்று வருடத்துக்குத் தானே கட்டுவதாக மத்திய அரசு 2008-லேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. நான் பேசிய ஹெச்.ஆர். நண்பர்களில் அதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகக் குறைவு.

ஆனால் கட்டாயமான ஒன்று இருக்கிறது. 21-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனம் என்றால், எந்தெந்த வேலைகள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்தமானவை, என்னென்ன வசதி செய்து தரப்படும், தொடர்பு அதிகாரி யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆட்களை அனுப்புவதற்கு முன்னால் அதைத்தான் கேட்டு வாங்குவேன். அதிகாரி பெயர் எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அந்தப் பெயருக்கு உரியவரைப் போனில் பிடித்து, "சார், நீங்கதான் இதுக்கு அதிகாரி" என்று நானே சொல்ல வேண்டி வந்திருக்கிறது.

கேட்டுக்கு வருவதற்கு முன்பே ஆட்களைக் கழித்துவிடுவது வேலை விளம்பரம். கணக்குப் பிரிவில் பில் பதிவு செய்கிற வேலைக்கு 'சிறந்த கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்று போடுவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பிசிஏ படிப்புகள் இருக்கின்றன. பட்டம் வாங்கி வெளியே வருகிற அந்தப் பிள்ளைகள் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடுவதில்லை. வெளியே போகவே தேவையில்லாத வேலைக்கு 'டூ வீலரும் லைசென்ஸும் அவசியம்' என்பது இன்னொன்று. ஏன் இந்த வரி என்று கேட்டால், பழைய விளம்பரத்தில் இருந்தது, அப்படியே போட்டோம் என்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கதவு மூடிவிடுகிறது.

அப்படி ஒரு பி.காம். படித்த தம்பியின் நேர்காணலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரோடு நானும் போயிருந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே பேசினார்கள். "இவருக்கு டேலி தெரியுமா? இவர் டீமோட ஒத்துப்போவாரா?" கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தம்பி, மேஜையில் இருந்த பேப்பரை இழுத்து, 'என்னைப் பார்த்துக் கேளுங்கள் சார்' என்று ஆங்கிலத்தில் எழுதி அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான். வேலை கிடைத்தது. சேர்ந்த பிறகு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. தீ எச்சரிக்கை மணியோடு விட்டுவிட்டு எரிகிற ஒரு விளக்கு, மீட்டிங்கில் பேசியதை யாராவது டைப் செய்து குரூப்பில் போடுவது, போனில் வருவதை மெயிலுக்கு மாற்றுவது. பக்கத்து சீட்டுப் பெண் தானாகவே கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டாள்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மேதைகள் என்று நான் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அந்தத் தம்பியும் தாமதமாக வந்து மெமோ வாங்கியிருக்கிறான். மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவு தப்புச் செய்கிற உரிமை அவனுக்கும் வேண்டும். கருத்தரங்குகளில் சில அதிகாரிகள், "இவர்களை எடுங்கள், லீவு போட மாட்டார்கள், வேலையை விட்டுப் போகவே மாட்டார்கள்" என்று பாராட்டாகச் சொல்வார்கள். கேட்கும்போது வயிறு எரியும். போக மாட்டார்கள் என்றால், போவதற்கு வேறு இடம் இல்லை என்றுதானே அர்த்தம்? அதை லாபமாக எண்ணி ஆள் எடுப்பது, கையில்லாதவனின் பையில் கை விடுவது மாதிரி. நாலு கம்பெனியில் கேட்டு, சம்பளம் பேசி, பிடிக்காவிட்டால் விட்டுப் போகிற நிலைமைக்கு எங்கள் பிள்ளைகள் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் வேலை நிலைப்பது ஒரே ஒரு நல்ல சூப்பர்வைசரால்தான். அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பையன் பேக்கிங் பிரிவில் இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும், வரிசையை மாற்றுவதானால் முந்தைய நாளே காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அதைப் புரிந்துகொண்டிருந்த சூப்பர்வைசர் ஒரகடத்துக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே மூச்சில் நாலு வேலை சொன்னார், பையன் குழம்பி நின்றான், திட்டு விழுந்தது. ஒரே மாதத்தில் வேலைக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா போன் செய்து, "எம் புள்ள என்னம்மா தப்பு பண்ணான்?" என்று கேட்டார். இப்போதெல்லாம் யாரைச் சேர்த்தாலும் அவருக்கு என்னென்ன வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, ஹெச்.ஆர். கையெழுத்தோடு அவருடைய ஃபைலில் வைக்கச் சொல்கிறோம். சூப்பர்வைசர் மாறினாலும் அந்தத் தாள் மாறாது.

நன்கொடை கொடுப்பவர்களிடம் நான் வாதாடுகிற இடமும் இதுதான். பயிற்சி கொடுத்தது எத்தனை பேருக்கு, தலைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். சேர்ந்த பிறகு மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் கூடப் போய் நிற்கிற பயிற்சியாளருக்குச் சம்பளம் கேட்டால், நிர்வாகச் செலவு என்று வெட்டிவிடுவார்கள். விதியில் இருக்கிற 5 சதவீத வரம்பு, சிஎஸ்ஆரை நடத்த கம்பெனிக்கு ஆகிற சொந்த நிர்வாகச் செலவுக்கு. அதைத் தொண்டு நிறுவனத்து ஆட்களின் சம்பளத்தின்மேல் ஏற்றுவது சரியில்லை. எங்கள் வேலையில் பயிற்சியாளர்தான் திட்டம். கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதன் முன்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவருக்குத் தருகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு வருடப் பணத்தை மார்ச்சில் கொட்டுவதைவிட, அதில் பாதியை மூன்று வருடத்துக்கு உறுதியாகச் சொன்னால் எங்களுக்கு எவ்வளவோ மேல்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி மட்டும் பேசினால் இந்த விஷயம் முடிந்துவிடாது. அலுவலகத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஹெச்.ஆரில் இருந்தபோது, மதியம் ஒரு மணிக்கு லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாளில் படிக்கட்டு வழியாக இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் நாலு பேர் தினத்தந்தியை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள். கேன்டீனில் நூற்றுக்கணக்கான நாற்காலிகள் உண்டு; கான்ட்ராக்ட் ஆட்கள் அங்கே உட்காரக் கூடாது என்று எழுதாத உத்தரவு. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே குடிநீர், ஓய்வறை, கழிப்பறை எல்லாம் வேண்டும், கான்ட்ராக்டர் செய்யாவிட்டால் வேலை வாங்குகிற நிறுவனம் செய்ய வேண்டும், சம்பளம் கொடுக்காவிட்டாலும் அதுதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. மேலிடத்தில் பேசி அந்தக் கேன்டீன் உத்தரவை எடுக்கவைத்தோம். ஆனாலும் அந்த அக்காக்கள் கேன்டீனில் வந்து உட்காரப் பல வாரம் ஆனது.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. பெரம்பூர் பக்கத்துப் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில், நம் தாத்தாக்கள் பி அண்ட் சி மில் என்பார்கள், தொழிலாளர்களுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தியது, நலப் பணிகளுக்குப் பேர் போனது. அதே மில் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் கூட நின்றார்கள். அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த நிர்வாகத்திடம் சோற்றை நிதானமாகத் தின்ன நேரம் கேட்க ஒரு சங்கம் தேவைப்பட்டது. நூறு வருடம் கழித்து, தி.நகர் ஜவுளிக் கடைகளில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. இப்போது ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நிமிடம் பாருங்கள். நாற்காலி இருக்கிறதா, இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று.

கம்பெனிகளில் நல்லது நடக்காமல் இல்லை. பார்வையற்ற ஒரு பெண்ணை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் சேர்த்தோம். வேலைக்கான மென்பொருள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடரில் ஒழுங்காக ஓடியது. வருகைப் பதிவு செய்கிற ஆப்தான் ஓடவில்லை. திரையைத் தொட்டால் போன் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். உள்ளே வருவதற்கு எது, லீவுக்கு எது என்று தெரியாது. தினமும் காலையில் வாசலில் நின்று யாரையாவது கூப்பிட்டு அழுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் யாரோ அவசரத்தில் மாற்றி அழுத்தி, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான் குறை. ஆப் விற்ற நிறுவனம், ஒரே ஒருவருக்காக மாற்ற முடியாது என்றது. இவளுடைய மேனேஜர் விடவில்லை. மாற்றித் தராவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதினார். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிட்டது. அந்த ஆப்பைப் பயன்படுத்துகிற மற்ற கம்பெனிகளில் இருக்கிற பார்வையற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். எந்த ஆண்டறிக்கையிலும் வராத இந்த வேலையை நான் பெரிய கொடை என்பேன்.

அந்தப் பெண் இப்போது டீம் லீடர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மதிப்பீட்டில் நல்ல பெயர், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். சேர்ந்த நாளன்று அவளோடு படம் எடுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். பதவி உயர்வு என்று வரும்போது, தகுதிப் பட்டியலில் 'வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குத் தனியாகப் பயணம் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. இப்போது அந்தப் பதவியில் இருக்கிறவர்கள் யாரும் அப்படிப் போவதில்லை, எல்லாம் வீடியோ காலில்தான் நடக்கிறது. வரியை எடுக்கச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சமவாய்ப்புக் கொள்கையைக் குறிப்பிட்டு நாங்களும் எழுதியிருக்கிறோம். பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வாரம் அவளோடு நேரில் போகிறோம்.